அன்றாடங்காய்ச்சியும் அங்காடியும்

‘அன்றாடங்காய்ச்சி’ என்று தமிழில் ஒரு சொல் வழங்குகிறது. அன்றன்று ஈட்டியதைக் கொண்டு அன்றன்று உலை வைத்து வாழ்பவன் என்பது அதன் பொருள். ஒருவனுடைய நிலைமையை அவன் நிலத்தைக் கொண்டோ பொன்னைக் கொண்டோ அளவாமல், அவன் வீட்டு அடுப்பு எரியும் முறையைக் கொண்டு அளந்தனர் நம் முன்னோர். மன்னர்கள் செய்த போர்களும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளும் வரலாறு என்றால், மாலையில் விளக்கு வைத்தபின் ஒரு குடும்பம் எதை உண்டது, அதற்கு வேண்டிய அரிசியும் பருப்பும் எவ்வழியே வீடு வந்து சேர்ந்தன என்பனவும் வரலாறே ஆகும். அந்த வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

அங்காடி நம் நாட்டில் மிகப் பழமையானது. மதுரை நகரில் பகலில் கூடிய நாளங்காடியையும் மாலையில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பை ஏற்றிச் சென்று, உள்நாட்டு ஊர்களில் அதற்கு மாற்றாக நெல்லைப் பெற்றனர் என்பதைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். சோறு எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் உப்பில்லாமல் உண்ண இயலாது. ஆகவே தன் வயலில் எல்லாம் விளைவித்துக்கொண்ட உழவனும் உப்புக்காகவேனும் வணிகனை எதிர்பார்த்தே வாழ்ந்தான்.

பொருள்களை அளந்து வாங்கும் முறையும் தொன்மையானதே. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் அரிசி, நெய், மிளகு முதலியவற்றின் அளவுகள் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என நுணுக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பள்ளிப் பிள்ளைகள் முகத்தலளவை வாய்பாட்டில் அதே பெயர்களைப் பாடம் செய்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. எட்டுப் படி ஒரு குறுணி அல்லது மரக்கால். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வாய்பாடு எல்லார்க்கும் ஒன்றுதான். ஆனால் கலத்தால் வாங்குகிறவன் ஒருவன்; படியால் வாங்குகிறவன் மற்றொருவன்; ஆழாக்கால் வாங்குகிறவன் இன்னொருவன். இம்மூவரும் உண்ட சோறு ஒன்றாயினும் கொடுத்த விலை ஒன்றன்று.

முதலாமவன் நிலமுடைய குடியானவன். தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் அவன் வீட்டுக் குதிரும் பத்தாயமும் நிரம்பும். மாசி, பங்குனியில் புளி வரும். கொட்டை நீக்கிப் பானையில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் கவலையில்லை. கோடை வெயிலில் மிளகாய் காயும். வற்றலும் வடகமும் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் உலரும். எப்பொருள் எப்போது மலிவோ அப்போது வாங்கி வைப்பதே இல்லறத்தின் திறமை என்று கருதப்பட்டது. அத்திறமைக்குக் கைம்முதலும், வைத்துக்கொள்ள இடமும் வேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாமவன் சந்தையை நம்பியவன். பொள்ளாச்சி, மணப்பாறை, போச்சம்பள்ளி போன்ற ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறை கூடும் சந்தை, சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கெல்லாம் உயிர்நாடியாக விளங்கியது. சந்தையன்று இரவு வீட்டில் காய்கறியும் கருவாடும் மணக்கும். நாள்கள் செல்லச் செல்லக் குழம்பு மெலியும்; அடுத்த சந்தைக்கு முந்திய நாளில் துவையலோ மோர் மிளகாயோதான் துணையாக நிற்கும். வீட்டு இரவுணவைக் கண்டே அன்று என்ன கிழமை என்று சொல்லிவிடலாம் என்னும்படி அந்த வாழ்க்கை அமைந்திருந்தது.

மூன்றாமவனே அன்றாடங்காய்ச்சி. காவிரிப் பாசனப் பகுதிகளில் உழவுத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் நெல்லே கூலியாக அளக்கப்பட்டது. வேலை முடித்து வந்த பெண், அந்த நெல்லைக் குத்திப் புடைத்து அரிசியாக்கிய பின்னரே உலை வைக்க முடியும். அக்குடும்பங்களில் இரவில் வடிக்கும் சோறே சூடான ஒருவேளை உணவு. எஞ்சியதில் நீரூற்றி வைத்தால் அதுவே மறுநாட் காலைக்குப் பழைய சோறாகும். சேலம், தருமபுரி, கோவை போன்ற வானம் பார்த்த பகுதிகளில் கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் சோளச்சோறுமே இரவு உணவாக இருந்தன. நெல்லரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியதாக இருந்த வீடுகள் பல.

நாளடைவில் கூலி காசாக மாறியது. இது ஒருவகையில் விடுதலை. மற்றொரு வகையில் புதிய கட்டு. நெல்லைக் கூலியாகப் பெற்றவனுக்கு விலையேற்றம் பற்றிய அச்சம் குறைவு. காசு பெற்றவனோ அந்திப் பொழுதில் கடைக்காரன் முன் நிற்க வேண்டியவனானான். விளக்கு வைக்கும் நேரத்தில் சிற்றூர்ப் பலசரக்குக் கடையில் கூட்டம் நெருங்குவதற்கு இதுவே காரணம். ஆழாக்கு அரிசி, காலணாவுக்குப் புளி, காலணாவுக்கு மிளகாய், ஒரு கரண்டி எண்ணெய் என்று அளவுகள் சுருங்கின. மிளகாய் என்ற பெயரே, பழைய மிளகின் இடத்தைப் பிடித்த புதுக் காய் என்பதைக் காட்டுகிறது. 1498இல் போர்ச்சுகீசியர் கடல்வழியே இந்தியாவை அடைந்த பின்னர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த பயிர் அது. விலையுயர்ந்த மிளகை வாங்க இயலாத ஏழையின் குழம்புக்கும் காரம் கொடுத்தது அந்தக் காயே.

சிறுகச் சிறுக வாங்குவதால் நேரும் இழப்பை அறிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படி அரிசி எட்டணா என்று வைத்துக்கொள்வோம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆகவே ஆழாக்கு ஓர் அணா ஆக வேண்டும். சில்லறை விற்பனையில் கடைக்காரன் ஆழாக்குக்கு ஓர் அணா மூன்று தம்பிடி வாங்கினால், எட்டு ஆழாக்குக்குப் பத்தணா ஆகிவிடும். அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்பது நினைவிருக்கலாம். ஆக, மொத்தமாக வாங்க வசதியுள்ளவன் எட்டணா கொடுத்து உண்ட சோற்றை, வசதியில்லாதவன் பத்தணா கொடுத்து உண்டான். கடன் சொல்லி வாங்கினாலோ, பற்று வரவுக் குறிப்பேட்டில் ஏறியது என்ன என்று எழுத்தறியாதவன் கேட்கவும் முடியாது. கேட்டால் நாளை கடன் கிடைக்காது. கடைக்காரனை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. அவனுக்கும் முதல் முடக்கம் உண்டு. வாராக் கடன் உண்டு. பஞ்ச காலத்தில் ஊரைக் காத்த கடைக்காரர்களும் உண்டு. குறை, ஆளிடத்தைவிட அமைப்பிலேயே மிகுதியாக இருந்தது.

இதே துன்பம் மேலை நாட்டிலும் இருந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய தொழிலாளர்கள் சிலர் ஒன்று கூடி, 1844ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சருக்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே முதலில் அவர்கள் விற்ற பொருள்கள். கலப்படமில்லாத பண்டம், சரியான நிறை, கைக்காசுக்கே விற்பனை, கிடைத்த இலாபத்தை வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினர்க்கே பகிர்தல் என்பன அவர்கள் கைக்கொண்ட நெறிகள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த எண்ணம் நம் சென்னையை வந்தடைந்தது. 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இந்தியாவின் மிகப் பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களையே கருத்திற் கொண்டிருந்தது. பிற சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தந்தது என்பதை நோக்கினால், திருவல்லிக்கேணியார் சட்டத்துக்கும் முன்னே நடந்தனர் என்பது விளங்கும். ஆயினும் இவ்வகைச் சங்கங்களால் பெரிதும் பயனடைந்தோர் மாதச் சம்பளம் பெற்றவர்களே. நாட்கூலிக்காரனுக்குக் கைக்காசு விற்பனை என்பதே ஒரு தடையாக நின்றது.

அந்தத் தடையைப் போர்க்காலம் வேறொரு வகையில் அசைத்தது. சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942இல் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றவே, அவ்வரிசி வருவது நின்றது. 1943இல் சென்னை நகரில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. செல்வரும் ஏழையரும் ஒரே வரிசையில் நின்று அளவுப்படி அரிசி பெற்ற காட்சியை நகரம் அப்போது கண்டது. விரும்பிய அரிசி கிடைக்கவில்லை என்று வசதியுள்ளோர் வருந்தினர். எந்த அரிசியேனும் உறுதியாகக் கிடைத்ததே என்று மற்றவர் ஆறுதல் கொண்டனர். 1952இல் இராசாசியின் ஆட்சியில் உணவுக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் 1960களின் நடுவில் தட்டுப்பாடு மீண்டும் தலைதூக்கியது. 1965இல் இந்திய உணவுக் கழகம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலேயே திறக்கப்பட்டது. 1967இல் அண்ணாவின் ஆட்சி, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது.

இதற்கிடையில் அளவைகளும் மாறின. 1957 ஏப்பிரலில் நயா பைசா வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாகக் கடைகளில் புகுந்தன. ஊருக்கு ஊர் வேறுபட்ட படியும் வீசையும் மறைந்து, எங்கும் ஒரே அளவு வந்தது வாங்குவோர்க்குக் கிடைத்த பெரும்பேறு. அடிக்குழி விழுந்த படியைக் கொண்டு ஏய்ப்பதற்கு அதன்பின் இடம் குறைந்தது.

பிற்காலத்து மாற்றங்களை நேயர்கள் அறிவார்கள். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவனே நேரில் நின்று விற்கும் பழைய வழக்கம் புத்துயிர் பெற்றது. 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு வழங்கப்படலாயின. வெறுஞ்சோறு மட்டும் உணவாகாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. 2008இல் கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் வழங்கப்பட்டன. இன்று 2 கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகளும் 30,000க்கு மேற்பட்ட கடைகளும் நம் மாநிலத்தில் உள்ளன.

இவ்வரிசியை எள்ளி நகையாடுவோர் உண்டு. இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பர். கடை தோறும் குறைகள் உண்டு என்பதையும், கடத்தலும் எடைக்குறைவும் அவ்வப்போது வெளிப்படுகின்றன என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. அவற்றைக் கண்டிக்கவே வேண்டும். ஆனால் நாம் பார்த்த கணக்கை மறத்தலாகாது. நிலமுடையவனுக்குப் பத்தாயம் இருந்தது. அது அவனைச் சோம்பேறியாக்கியது என்று எவரும் கூறவில்லை. நாளைய சோற்றைப் பற்றிய அச்சமில்லாமல் இன்றைய வேலையைச் செய்ய அது உதவியது. பத்தாயம் வைக்க இடமும் முதலும் இல்லாதவனுக்கு ஊர்ப் பொதுவில் வைத்த பத்தாயமே நியாயவிலைக் கடை. இரவு உணவுக்கு அரிசி உண்டு என்னும் உறுதி இருந்தால்தான், தன் கூலியில் ஒரு பங்கைக் காய்க்கும் கீரைக்கும் முட்டைக்கும் பிள்ளையின் புத்தகத்துக்கும் ஒதுக்க ஒருவனால் இயலும்.

இன்று கடைவீதி கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயினும் சிறு பொட்டலமாக வாங்குகிறவர் பெரும்பாலும் நிறைக்கு மிகுதியாக விலை கொடுக்கிறார் என்னும் பழைய கணக்கு இன்னும் மறையவில்லை. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, ஒரே பொருளின் சிறு பொட்டலத்தையும் பெரிய பையையும் எடுத்து, கிலோவுக்கு என்ன விலையாகிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். விடை கிடைத்தபின், அந்தச் சிறு பொட்டலத்தை நாள்தோறும் வாங்குகிறவர் யார் என்பதையும் அவர்களையே சொல்லச் செய்யுங்கள். ‘அன்றாடங்காய்ச்சி’ என்னும் சொல்லின் பொருள் அவர்களுக்கு அப்போது அகராதியின் உதவியின்றியே விளங்கும்.