சின்ன மாத்திரையின் சரித்திரம்

பாச்சலூரில் இருக்கும் என் அப்பா பல வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு 25 மில்லிகிராம் அட்டனலால் சாப்பிட்டு வந்தார். ஒரு மழைக்காலத்தில் மாத்திரை தீர்ந்தது. வாங்க ஒட்டன்சத்திரம் இறங்க வேண்டும். "சின்ன டோஸ்தானே, விட்டா என்ன?" என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று அடிக்க, ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்தார். அப்போதுதான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

அட்ரினலினுக்கு உடம்பில் ஆல்பா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்று 1948-ல் அமெரிக்கர் ஆல்குவிஸ்ட் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, பீட்டாவை அடைக்கும் புரோப்ரனலாலை 1960-களில் உருவாக்கினார் ஜேம்ஸ் பிளாக். இளவயதில் சிங்கப்பூரில் பாடம் நடத்தியவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

மறுபக்கம் பிறகுதான் தெரிந்தது. இருதய நோயாளிகள் சிலர் மருந்தைத் திடீரென நிறுத்தியதும் நெஞ்சுவலி முற்றி, மாரடைப்பும் மரணமும் நேர்ந்ததாக 1974, 75-ல் அமெரிக்க மருத்துவ இதழ்கள் எழுதின. மருந்து அடைக்க அடைக்க, உடம்பு ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அடைப்பு சட்டென்று நீங்கினால்? பரப்பலாறு அணையின் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கினால் என்ன ஆகுமோ, அதுதான்!

டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கி, பாதியாக்கி, சில வாரங்களில் நிறுத்தினார். நாடியையும் பிரஷரையும் அடிக்கடி பார்த்தார். சின்ன டோஸில் ஆபத்து குறைவுதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், நாமல்ல.

ஊருக்குப் போனால் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.