கை அறியும் கணக்கு

காவல் துறை ஆயுதக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். முதன்முதலாக ஒரு பழைய .455 வெப்ளி ரிவால்வரைச் சுட்டபோது, மணிக்கட்டோடு முழங்கையும் சேர்ந்து மேலே எழும்பியது. இன்றும் அந்த உதை கையில் நினைவிருக்கிறது.

அதன் குண்டு 265 கிரெயின், ஏறக்குறைய 17 கிராம். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவதே உதையின் பெரும்பங்கு. மருந்து எரிந்து பீறிடும் வாயுவும் தன் பங்குக்குத் தள்ளும். கரிமருந்து போய் கார்டைட் வந்தபோது, அதே வேகத்துக்குக் குறைந்த மருந்தே போதுமானதாயிற்று. அந்தப் பங்கு சுருங்கியது.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் இந்த உதையைப் பற்றித்தான் யோசித்தது. அவசரப் பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு .455 அடங்கவில்லை. 1932-இல் .38 என்ஃபீல்டு வந்தது. குண்டு 200 கிரெயின். வேகம் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே தள்ளலில் கால்பங்கு குறைந்தது.

ஆனால் துப்பாக்கியையும் இளைக்க வைத்தார்கள். வெப்ளி 1.1 கிலோ, என்ஃபீல்டு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். எடை குறைந்தால் அதே தள்ளலுக்கு இரும்பு வேகமாகப் பின்வாங்கும். குண்டில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை இங்கே இழந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். 1930-களின் இறுதியில் ஈயக் குண்டு போய், உலோக உறையிட்ட 178 கிரெயின் குண்டு வந்தது. அதற்குக் காரணம் உதையல்ல, உறையில்லாத ஈயக் குண்டு போர் விதிகளை மீறுமோ என்ற அச்சம்.