முன்கோபி பெட்ரோல்!

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் தேவையில்லை. காற்றை நசுக்கு நசுக்கென்று நசுக்கினால், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இதை நிரூபித்தார். செம சிக்கனம்! 'பெட்ரோலையும் இப்படியே எரித்தால் என்ன?' என்ற ஆசை இன்ஜினீயர்களுக்கு வராமல் இருக்குமா?

2007-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அப்படி ஒரு காரை ஓட்டியே காட்டியது. ஆனால், விற்பனைக்கு வரவில்லை. காரணம், பெட்ரோல் ஒரு முன்கோபி! எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் முந்தினால், இன்ஜினுக்கே அடி!

ஜப்பானின் மாஸ்டா ஒரு தந்திரம் செய்தது. பிளக்கை வைத்தே சின்னதாக ஒரு பொறி. அந்தத் தீப்பந்து விரிந்து நெருக்க, மிச்சக் கலவை மொத்தமும் தானே பற்றிக்கொள்ளும். 2019-ல் 'ஸ்கைஆக்டிவ்-எக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டது!

குறை இல்லையா? உண்டு. கூடுதல் காற்றைத் திணிக்க ஒரு பம்ப், அழுத்தம் பார்க்க சென்சார்கள், சத்தத்தை அடக்க உறை... விலை எகிறியது. இழுவை 2019-ல் 224 நியூட்டன் மீட்டராகத்தான் இருந்தது. சின்ன டர்போ இன்ஜின்கள் சில இதை மிஞ்சின. சில நேரங்களில், பழையபடி சாதா பெட்ரோல் இன்ஜின்தான்! கூடக் கொடுத்த காசை பெட்ரோல் மிச்சத்தில் மீட்க, எத்தனை வருஷம் ஓட்டணும்? வாங்குபவர் கணக்குப் போடத்தானே செய்வார்!

ஒன்று கவனித்தீர்களா? 'பொறியே வேண்டாம்' என்று கிளம்பிய கனவு... கடைசியில் அதைக் கரை சேர்த்தது ஒரு பொறிதான்!