ஆறு பென்ஸும் ராத்திரி ஷிப்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. சோம்பேறித்தனம் இல்லீங்க, லாரிதான் காரணம். கிழக்கு லண்டன்ல ஒரு சரக்கு ஷெட்ல லோடு இறக்குற வேலையில சேர்ந்திருக்கேன். (வீட்டுல 'லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி'ன்னு சொல்லி வெச்சிருக்கேன். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.)

ஷெட்டோட ஒரு பக்கம் பெரிய லாரிகள் ரிவர்ஸ்ல வந்து ஒட்டி நிக்கும். பேலட்டை இறக்கி, பிரிச்சு, எதிர்ப்பக்கம் நிக்கிற சின்ன வண்டிகள்ல ஊர்வாரியா ஏத்தணும். எதுவும் அங்கே தங்காது. முதல் நாளே பேலட் டிரக்கை என் கால் மேலயே ஏத்திக்கிட்டேன். இரும்பு முனை வெச்ச பூட்ஸ் காப்பாத்துச்சு.

ஆனா கஷ்டம் தூக்குறதுல இல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஏஜென்சிலேர்ந்து மெசேஜ் வரும்: ராத்திரிக்கு பன்னிரண்டு பேர் வேணும். முதல்ல பதில் போடுற பன்னிரண்டு பேருக்குத்தான் வேலை. போன வாரம் லைப்ரரில போனை சைலன்ட்ல போட்டதுல ரெண்டு ஷிப்ட் போச்சு. படிப்பு நடக்கும்போது மாணவர் விசாவுல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதுவும் கிடைக்கலைன்னா வாடகைக்கே தாளம்.

இந்தக் கூத்து இந்த ஊருக்குப் புதுசான்னு பார்த்தா, ம்ஹும், ரொம்பப் பழசு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல இதே லண்டன் துறைமுகத்துல தினமும் வாசல்ல கூட்டம் கூடும். ஃபோர்மேன் வந்து வேணுங்கிற ஆளை மட்டும் கூப்பிடுவார். இதுக்கு 'கால்-ஆன்' என்று பெயர். ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி மிதிச்சு முன்னாடி வருவாங்களாம். ஆள் எடுக்குற கொட்டகைக்கு 'கூண்டு'ன்னே பேர் இருந்ததாகத் தொழிற்சங்கத் தலைவர் பென் டில்லெட் எழுதியிருக்கிறார். கம்பிகள் ஃபோர்மேனைக் கூட்டத்துலேர்ந்து காப்பாத்தவாம்! அப்படி உள்ள போனாலும் ஒரு மணி நேரம் வேலை வாங்கிட்டு அனுப்பிடலாம்.

1889 ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மணிக்கு 5 பென்ஸாக இருந்த கூலியை 6 பென்ஸ் ஆக்கணும். கூப்பிட்டா குறைஞ்சது 4 மணி நேர வேலை தரணும். ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல் உதவி வந்தது. செப்டம்பரில் ஜெயித்தார்கள். வரலாறு அந்த ஆறு பென்ஸைத்தான் பெரிசா பேசுது. எனக்கென்னவோ அந்த நாலு மணி நேரம்தான் பெரிய விஷயமாத் தெரியுது. ஒரு மணி நேர வேலைக்கு பஸ்ஸுக்குக் காசு செலவழிச்சுப் போய்ப் பாருங்க, புரியும்.

ஆனா கால்-ஆன் ஒழியலை. 1947-ல்தான் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்தது. பதிவு செய்தவர்களுக்கு வேலை இல்லாத நாளிலும் கொஞ்சம் காசு. (இந்தியாவும் 1948-ல் துறைமுகத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் போட்டது.) எல்லாரையும் நிரந்தரமாக்கினது 1967-ல். 1889-லேர்ந்து கணக்குப் போட்டா 78 வருஷம்!

வேலை நிரந்தரமான அதே நேரத்துல கன்டெய்னர் வந்துடுச்சு. அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் 1956-ல் 58 பெட்டிகளோடு ஒரு கப்பலை நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டியை அப்படியே லாரியில ஏத்திடலாம்னா துறைமுகத்துல மூட்டை பிரிக்க ஆள் எதுக்கு? அந்த வேலை ஆத்தங்கரையை விட்டு நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டுகளுக்குப் போயிடுச்சு. லண்டன் ராயல் டாக்ஸ் 1981-ல் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர் திட்டத்தையும் 1989-ல் ரத்து பண்ணிட்டாங்க. வேலைநிறுத்தம் நடந்து சரியா நூறு வருஷம்.

நான் படிக்கிற காம்பஸ் அந்த ராயல் ஆல்பர்ட் டாக் கரையிலதான் இருக்கு. தண்ணிக்கு அந்தப் பக்கம் விமானம் இறங்கும். மூட்டை இறங்கின இடம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க ஷிப்ட்ல ஒரு பெரியவர் இருக்கார். அவரோட அப்பா அந்த டாக்ல வேலை பார்த்தவராம். டீ பிரேக்ல இந்தக் கதையெல்லாம் கேட்டேன். கடைசியா என் போனைக் காட்டி, "எங்கப்பாவுக்காவது ஃபோர்மேன் மூஞ்சி தெரியும்"னார்.

மணி மூணே முக்கால். போனை சைலன்ட்லேர்ந்து எடுத்தாச்சு. அசைன்மென்ட் வேற பாதியில நிக்குது.