இஸ்திரிப் பலகையும் வங்கத்துக் கந்தையும்

'இஸ்திரி' என்ற சொல்லைத் தமிழரும் வங்காளியரும் ஒருங்கே புழங்குகிறோம். இழுத்து விரித்தலைக் குறிக்கும் 'எஸ்திரார்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர் மொழிநூலார். இன்றைய கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், 1632-இல் முகலாயப் படை வந்து விரட்டும்வரை போர்த்துக்கீசியர் வாணிகம் நடத்தினர். அவர்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றியனுப்பிய சரக்குகளுள் ஒன்று, பருத்தித் துணியின்மேல் காட்டுப்பட்டு நூலால் நெருக்கமாகத் தைத்த விரிப்பு. அருகிலிருந்த சாத்காவ் நகரின் பெயரோடு அது இன்றும் அருங்காட்சியகங்களில் அறியப்படுகிறது. விரிப்பு கப்பலேறிப் போயிற்று. சொல் இங்கே தங்கிவிட்டது.

அவ்விரிப்புகளில் உள்ள வேட்டைக் காட்சிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எதன்மேல் விரித்து, எப்படிச் சுருக்கம் நீக்கித் தைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதே அரிது. தையல் அறிந்தவர்க்கு முதற்கேள்வி அதுதான். அடுக்கிய துணியில் ஒரு மடிப்பு உள்ளே மாட்டிக்கொண்டால், மேலே எத்தனை அழகாகப் பூத்தையல் போட்டாலும் அது தெரிந்துவிடும்.

வங்கத்துக் கிராமப் பெண்கள் இதற்குக் கண்ட விடை எளியது. நைந்த சேலைகளும் வேட்டிகளும் துவைத்து உலர்ந்தபின், மெழுகிய தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்படும். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவுவர். ஓரங்களில் கனமான பொருள்களை வைப்பர். ஈச்ச முள்ளைக் குத்தி நிறுத்துவதும் உண்டு. பிறகு விளிம்பைத் தைத்து, குறுக்கே சில நீண்ட தையல்களை ஓட்டிவிட்டால் அடுக்குகள் நகரா. வண்ண நூல் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவப்படும். இதுவே காந்தா. நம் 'கந்தை'யும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லின் கிளைகள். இவ்வேலையில் இரும்புப் பெட்டிக்கு இடமே இல்லை. தரைதான் பலகை, கைதான் பெட்டி.

முடிந்த காந்தாவில் ஒரு மெல்லிய அலைநெளிவு இருக்கும். ஊசி மேலும் கீழுமாக ஓடும் எளிய ஓட்டுத் தையல் துணியைச் சற்றே இழுப்பதால் அது உண்டாகிறது. அடுக்கும்போது சுருக்கமே கூடாது. தைத்தபின் சுருக்கமே அழகு. சூடான பெட்டியை மேலே அழுத்தினால் அந்த அழகு படுத்துவிடும். ஆகவேதான் பட்டில் காந்தாத் தையல் போடும் இன்றைய தொழிலிலும் துணியைக் குப்புறப்போட்டு, மெத்தென்ற விரிப்பின்மேல் மெல்லத் தேய்க்கிறார்கள்.

வெட்டித் தைத்த உடைகள் பெருகியபோது நிலை மாறியது. சட்டைக் கழுத்தும் கைப்பகுதியும் தரையில் அடங்கா. அவாத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் நாடிழந்து வந்து குடியேறிய மெட்டியாபுரூஸ், பின்னாளில் 'ஓஸ்தாகர்' எனப்படும் தையல் முதலாளிகளின் பேட்டையாயிற்று. அமெரிக்காவிலோ, அடிமையாகப் பிறந்து நியூ ஹேவன் நகரில் தையற்காரியாக வாழ்ந்த சாரா பூன், பெண்களின் உடற்சட்டைக்கும் கைப்பகுதிக்கும் ஏற்ற குறுகிய, வளைந்த பலகைக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மடக்குப் பலகையின் முன்னோடிகளுள் அது ஒன்று. கல்கத்தாவில் மின்சாரம் 1899-இல் இமாம்பாக் சந்து மின்நிலையத்திலிருந்து பாயத் தொடங்கியது. ஆனால் கரிப்பெட்டி மறையவில்லை; தெருவோரத்து அகன்ற மேசையும் மறையவில்லை.

அந்த மேசையைக் கூர்ந்து பாருங்கள். மரப்பலகை; அதன்மேல் மடித்த கம்பளி; அதன்மேல் பழைய பருத்தி விரிப்பு, இழுத்துக் கட்டியது. தைக்காத காந்தா என்றே இதனைச் சொல்லலாம். சிக்கனம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பலமுறை துவைத்த பருத்தியில் கருகும் கஞ்சியும் இல்லை, ஒட்டும் சாயமும் இல்லை. கம்பளி நீராவியை உறிஞ்சும், சூட்டைத் தாங்கும். கீழே மரம் கெட்டியாக இருப்பதால் தையல் விளிம்பு தட்டையாகப் படியும். துண்டுத் துணிகளை இணைத்து விரிப்புத் தைப்போர் கடையில் வாங்கும் பஞ்சுமெத்தைப் பலகையைவிட இதுவே மேல் என்பது என் துணிபு. மெத்தை அதிகம் அமுங்கினால் குறுக்குவாட்டில் வெட்டிய துண்டு நீண்டு கோணலாகும். பெட்டியை இழுக்காமல், வைத்து எடுக்கவேண்டும்.

காந்தாவைக் கலைவரலாற்றுக்குள் கொணர்ந்த கட்டுரையை ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் எழுதினார். அதே காலத்தில் குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வங்கக் கிராமங்களில் இவற்றைத் தேடிச் சேர்த்தார். கொல்கத்தா ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில், மானதாசுந்தரி என்ற பெண் தன் பெயரை எழுத்துகளாகத் தைத்துத் தந்தைக்குப் படைத்த காந்தா இருக்கிறது. தைத்தவள் பெயர் தெரிவது அத்துறையில் அபூர்வம். 2017-இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் நிதியுதவி நின்றதால் அந்நிறுவனம் பெருஞ்சிக்கலுக்குள்ளாயிற்று. நூறாண்டு கடந்த துணியின்மேல் பெட்டியை வைக்கவே கூடாது, இழை பொடியும். வங்கத்து மழைக்காலத்தைத் தாண்ட அதற்குத் தேவை ஈரம் புகாத அறை, அமிலமற்ற தாள் விரித்த தட்டையான இழுப்பறை, அதனைக் காக்கச் சம்பளம் பெறும் ஆள்.