முயற்சியும் நன்னீரும்

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது 38ஆவது, பின்னது 62ஆவது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் மனித வாழ்வு நடக்கிறது. உழைப்பவன் உயர்வான் என்று வகுப்பறையிலே நாம் கற்பிக்கிறோம். அது எவ்வளவுக்கு உண்மை? நமது தீவகத்தின் வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம்.

நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய இவ்விடங்களில் ஆறில்லை. பல கிணறுகளில் உவர்நீர். மழையை நம்பிய நெல்லும் பனையும் கடலுமே கதி. இந்த வறட்சிதான் தீவாரை வெளியே அனுப்பியது. ஒரு சாரார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஆங்கிலம் கற்ற மற்றொரு சாரார் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் பிற திணைக்களங்களிலும் லிகிதராயினர். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற பழமொழி அக்கால யாழ்ப்பாணத்தின் மனத்தைக் காட்டும். அவர்கள் அனுப்பிய காசு கல்வீடாயிற்று; கோயிலாயிற்று; பள்ளிக்கூடமுமாயிற்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது, காசில்லாதவர் பிள்ளைக்கும் அந்தப் பாதை திறந்தது.

ஆனால் எல்லார்க்கும் திறந்ததா? நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறியவரே சமூகத்தில் ஏறமுடியாதவராக இருந்தார். அவர் சோம்பேறி என்று எவரும் சொல்லத் துணியார். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், நன்னீர்க் கிணறுகள் பல அவருக்கு மூடியே கிடந்தன. 1971இல் புங்குடுதீவில், கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக நின்றவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். 'புதுயுகம் பிறக்கிறது' எழுதிய அந்த ஆசிரியர் கைதாகித் தாக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார்.

அதே 1971இல் பல்கலைக்கழக வாசலில் தரப்படுத்தல் வந்தது. பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். கிணற்றை மறித்தவர் வீட்டுப் பிள்ளையையும் இப்போது வேறொரு கை மறித்தது. அநீதியென்று நாம் குமுறினோம், குமுறியது நியாயமே. ஆனால் கிணற்றடியில் நின்றவர் குமுறியபோது நம்மில் எத்தனை பேர் செவிசாய்த்தோம்?

1974இல் மாவட்டப் பங்கீடு வந்து, பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சற்றே வழி விட்டது. ஆனால் மாவட்டம் என்ற கணக்கில் தீவு மறைந்துபோகிறது. இன்றும் நெடுந்தீவுப் பிள்ளை, குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து வரவேண்டிய பிள்ளை, யாழ் நகரப் பிள்ளையோடு ஒரே பங்கீட்டுக்குத்தான் போட்டியிடுகிறது.

1983 ஆடியில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தன. ஒரு தலைமுறையின் உழைப்பு ஓரிரவில் சாம்பலானது. 1990இன் போர் தீவுகளையே வெறுமையாக்கியது. இன்று பூட்டிய கல்வீடுகளை வெளிநாட்டுப் பணம் புதுப்பிக்கிறது. ஆனால் இரவெல்லாம் கடலில் நிற்கும் நெடுந்தீவு மீனவரின் வலையை இழுவைப்படகு அறுத்துச் செல்கிறது. 2017இல் தடைச்சட்டம் வந்தும் தொல்லை ஓயவில்லை. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர் உயர்கிறார். இல்லாதவர் உழைத்தும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அப்படியானால் முயற்சி வீணா? அன்று. தீவாரை உயர்த்தியது முயற்சியே. முயற்சி விதை, விதையில்லாமல் பயிரில்லை. ஆனால் உவர்நீர் ஊற்றி வளர்த்துவிட்டு, பயிர் கருகினால் விதையைக் குறைசொல்வது முறையாகாது. 'பாடுபடு' என்று பிள்ளைக்குச் சொல்லும் உரிமை, கிணற்றைத் திறந்துவிட்டவருக்கே உண்டு. ஊழென்று நாம் பெயரிட்டதில் எவ்வளவு பிறர் கைவேலை, எவ்வளவு நம் கைவேலை என்று எண்ணிப் பார்ப்போம்.