கொத்தடிமை

கொட்டாம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் காய்கறிக்கார அக்கா ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டார். ஒரு காம்பு, அதில் இத்தனை இலை. காம்பைப் பிடித்துத் தூக்கினால் அத்தனையும் கூடவே வரும். ‘கொத்தடிமை’யில் இருக்கும் கொத்து இதுதான். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மனைவி, மக்கள், பிறக்கப்போகும் பேரன் வரை கொத்தோடு கட்டுப்படுவது. (கொத்தனாரின் கொத்து வேறு, அது வினைச்சொல்.) ‘அடிமை’யோ அடி என்னும் காலடியில் பிறந்த சொல்.

லத்தீனிலும் இதே வலி உண்டு. ‘ஃபாமிலியா’ முதலில் ஒரு வீட்டின் அடிமைக் கூட்டத்தைக் குறித்தது. ‘ஃபாமுலுஸ்’ என்றால் ஏவலாள். குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபேமிலி’ அங்கிருந்து வந்ததுதான். லத்தீன் பேசிய ரோமானியரின் ஆட்சியில், கி.மு. 73இல் காப்புவா நகரத்து வாட்போர்க் கூடத்திலிருந்து ஏறக்குறைய 70 பேரோடு தப்பினான் ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமை. அவன் பின்னால் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கி.மு. 71இல் அவர்கள் தோற்றபின், காப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலை நெடுக 6,000 பேரை ரோமானியர் சிலுவையில் அறைந்தார்கள்.

நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழித்தது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி அந்த முன்பணக் கடனே செல்லாது, திருப்பித் தரவேண்டியதில்லை. சூளையிலோ குவாரியிலோ முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தை அடைத்து வைத்திருப்பதைக் கண்டால், கோட்டாட்சியரிடம் உடனே சொல்லுங்கள்.